தைப்பூசத்தன்று காணாமல் போன பூசம்

ஆறுகாட்டுத்துறை,
மாசி 22, வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் நிதிஷுக்கு, அம்மா ஆனந்தவல்லி ஆசி கூறி எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும், தஞ்சாவூரில் நர்ஸிங் படிக்கும் உன் தங்கச்சி அபிநயாவும் நலம். நலம் என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்து, ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்திருக்கிறேன். அது முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. போகப் போகச் சொல்கிறேன், நீ நடுவில் பதறாமல் கடைசிவரை படிக்க வேண்டும். நீ எப்படி இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாயா, கப்பலில் அந்தப் பழைய சமையல்காரர்தானா இல்லை மாற்றிவிட்டார்களா, காற்றில் நின்று நின்று உனக்கு வரும் காதுவலி இப்போது எப்படி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ எப்படிம்மா இருக்கே என்று கேட்டு முடிப்பதற்குள் நல்லா இருக்கேன் என்று என் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது, அதற்குள் உன் கப்பல் நெட்டும் போய்விடுகிறது. நாகூர் உபைதுல்லா உன் கப்பலில் சேர ஞாயிற்றுக்கிழமை கொழும்புக்குக் கிளம்புகிறானாம், அவனுடைய அம்மா கமருன்னிஸா நேற்று போன் பண்ணி, புள்ளைக்கு எதாவது குடுத்து விடுறதா இருந்தா குடுங்கக்கா என்றார்கள். நாரத்தங்காய் ஊறுகாய், இறால் பொடி, கூடவே இந்தக் கடிதம். ஊறுகாயை முதல் நாளே எல்லோருக்கும் வாரி விடாதே.

பொங்கலன்று நீ பேசினாயே, அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். உன் நட்சத்திரம் பூசம் மேலே எங்கே இருக்கிறதென்று தெரியுமா என்று கேட்டாய். தெரியாது என்றேன். நீ சிரித்தாய். அது ஒரு வெள்ளி இல்லை, சின்னச் சின்னதாக நிறைய வெள்ளிகள் நெருக்கம் இல்லாமல் இறைந்து கிடக்கும் கூட்டம், வெறும் கண்ணுக்கு ஒரு புகைத் திட்டுதான், போன லீவில் நீ விட்டுப்போன பைனாகுலரில் பார்த்தால் பிரிந்து தெரியும் என்றாய். அடையாளமும் சொன்னாய். இந்த வருஷம் குரு பளிச்சென்று உயரத்தில் நிற்கும், அதற்குக் கிழக்கே மகம், இரண்டுக்கும் பாதி வழியில் தேட வேண்டும், பந்தல்கால் நட்ட மாதிரி நாலு மங்கல் வெள்ளி தெரியும், அதற்கு உள்ளே பார்க்க வேண்டும். நேரே முறைத்தால் மறைந்துவிடும், கொஞ்சம் தள்ளிப் பார்த்தால்தான் தெரியும் என்றும் சொன்னாய். பெண் பார்க்க வந்த அன்று உன் அப்பாவை நான் பார்த்தது போலவா என்று நினைத்துக்கொண்டேன், உன்னிடம் சொல்லவில்லை. பைனாகுலர்கூட வேண்டாம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றாய். நான் ராத்திரி எட்டு மணிக்குக் கப்பலில் காவலுக்கு ஏறினால் அதைத்தான் முதலில் தேடுவேன், நீயும் பாரும்மா என்றாய். கோவிலில் குருக்கள் கேட்கும்போதெல்லாம் நிதிஷ், பூச நட்சத்திரம், கடக ராசி என்று இருபத்தாறு வருஷமாகச் சொல்லி வருகிறேன், ஒரு நாள்கூட அண்ணாந்து தேடியதில்லை. எனக்கே வெட்கமாக இருந்தது.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். ஐப்பசியில் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டார்கள். அங்கன்வாடிக்காரர்கள் நாங்கள்தான் ஊரைக் கூட்டிக்கொண்டு போனோம், கடைசியில் நானும் உட்கார்ந்தேன். சொட்டு மருந்து விட்டுப் பார்த்த டாக்டரம்மா, சுகர் இடது கண்ணுக்குப் பின்பக்கம் வரைக்கும் போயிடுச்சும்மா, ஒரு மாசத்துக்குள்ள தஞ்சாவூர் போயிடுங்க, இதுவரைக்கும் தெரிஞ்சது எதாவது தெரியாமப் போனா அன்னைக்கே வந்துடணும் என்று சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தது. அந்தச் சீட்டை மடித்து பீரோவில் பட்டுப் புடவைக்கு அடியில் வைத்தேன். அபிநயாவுக்குப் பரீட்சை, அப்பாவுக்கு மழைக்காலம், உனக்கு அடுத்த பரீட்சை எழுத இன்னும் ஏழெட்டு மாசம் கப்பலில் இருந்தாக வேண்டும், சொன்னால் நீ பாதியில் இறங்கி வந்து நிற்பாய், இப்படி எனக்கு நானே காரணம் அடுக்கிக்கொண்டேன். உண்மை என்னவென்றால் பயம். போய்ப் பார்த்தால்தானே இருக்கிறது என்பார்கள், போகாமல் இருந்தால் இல்லை என்று இருக்கலாமே என்று ஒரு புத்தி. ஊர்க் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட வராத தாய்மாரை வீடு வீடாகப் போய்த் திட்டுகிறவள் நான்.

தைப்பூசம் வந்தது. காலையில் பால்குடம் எடுத்தேன், சாயந்திரம் உன் பேருக்கு அர்ச்சனை. பூசத்துக்கென்றே ஒரு நாள் வைத்திருக்கிறார்களே, அன்றைக்குப் பார்க்காமல் வேறு என்றைக்குப் பார்ப்பது என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். இருட்டில் பார் என்று நீ சொன்னது ஞாபகம் இருந்தது, மாடி விளக்கை அணைத்துவிட்டால் இருட்டுதானே என்று எடுத்துக்கொண்டேன். உன் அப்பா கடலுக்குப் போயிருந்தார். ஒன்பது மணிக்கு சுனாமிக்கு அப்புறம் நமக்குக் கொடுத்த இந்த வீட்டு மொட்டை மாடியில் ஏறி, பைனாகுலரைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிக்கொண்டு தேடினேன். குரு தெரிந்தது. மகமும் தெரிந்தது. நடுவில் நிலா பெரிதாக நின்றது, அதைச் சுற்றிப் பால் பாத்திரம் கழுவின தண்ணீர் போல வெளிச்சம், அதற்குள் ஒன்றுமே இல்லை. பந்தல்காலும் இல்லை, பந்தலும் இல்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். தள்ளிப் பார்த்தேன், ஓரமாகப் பார்த்தேன். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றாயே, எனக்கு மட்டும் தெரியவில்லையே, டாக்டரம்மா சொன்னது இதுதான், கண் போய்விட்டது என்று நினைத்தவுடன் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். விரதம் முடித்துச் சாப்பிடக்கூட இறங்கவில்லை.

மறுநாள் நீ போன் பண்ணி, பாத்தியாம்மா என்று கேட்டாய். பார்த்தேன், அழகாக இருந்தது என்று வாய் கூசாமல் சொன்னேன். எத்தனை இருந்துச்சு என்றாய். ஆறு என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நீ சிரித்து, அது கார்த்திகைம்மா, தப்பாப் பாத்திருக்கே என்றாய். தப்பாகப் பார்த்தவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன், பார்க்கவே முடியாதவள் என்று உனக்குத் தெரியாமல் இருந்தால் சரி என்று நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். அந்தப் பொய்க்கு என்னை மன்னித்துவிடு தம்பி.

அதற்கப்புறம் பதினாறு நாள். தினம் காலையில் எழுந்தவுடன் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு தேதி காலண்டரைப் பார்ப்பேன், அப்புறம் மற்றதைப் பொத்திக்கொண்டு பார்ப்பேன். அந்த எழுத்து எருமை மாடு அளவு பெரிசு, இடது கண்ணில் கொஞ்சம் புகைச்சலாகத் தெரிந்தாலும் தெரியத்தான் செய்தது, அதனால் இருக்கிறதா போய்விட்டதா என்று ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை. அங்கன்வாடியில் நான் பொறுக்கின அரிசியில் கல் இருந்து ஒரு குழந்தை கடித்துவிட்டு அழுதது. என்னோடு வேலை செய்யும் மேகலா, இனிமே நான் பொறுக்குறேங்க்கா, நீங்க பாட்டுச் சொல்லிக்குடுங்க என்று முறத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். நல்ல மனதோடுதான் வாங்கினாள், எனக்குத்தான் அது பொறுக்கவில்லை. வீட்டில் யாரும் இல்லாத நேரம் கண்ணை இறுக மூடிக்கொண்டு நடந்து பழகினேன். அடுப்படியிலிருந்து குழாய்க்குப் பதினோரு அடி, குழாயிலிருந்து வாசலுக்கு ஏழு. ஒரு நாள் உன் அப்பா பார்த்துவிட்டு, என்ன வல்லி, சின்னப் புள்ள மாதிரி கண்ணாமூச்சி ஆடுற என்று கேட்டார். வீட்டுக்குள்ள செருப்பைக் கண்ட எடத்துல விட்டா வேற எப்படி நடக்குறது என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அன்றைக்கு அவர் செருப்பை வாசலில்தான் விட்டிருந்தார்.

மாசி அமாவாசையன்று படகு இஞ்சின் வேலைக்காகக் கரையில் நின்றது, அப்பா வீட்டில் இருந்தார். சாப்பிட்டுவிட்டுக் காற்று வாங்க மாடிக்கு வந்தவர், பைனாகுலரை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, என்ன பாக்குற என்றார். அவ்வளவுதான் கேட்டார். எனக்கு அடக்கி வைத்த அழுகை எல்லாம் கொட்டிவிட்டது. புள்ளையோட நட்சத்திரம் என் கண்ணுக்குத் தெரியலைங்க என்று மட்டும் சொல்ல முடிந்தது. என்றைக்குப் பார்த்தாய் என்று கேட்டார், தைப்பூசத்தன்று என்றேன். சிரித்தார் பார், பக்கத்து வீட்டு ஆட்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்கு. அடி பைத்தியமே, நிலா வந்து பூசத்துக்கிட்ட உக்காந்தாத்தான் அது தைப்பூசம், அது தலைமாட்டுலயே அம்மாம்பெரிய விளக்கை ஏத்தி வச்சிட்டு அதத் தேடுனியா என்றார். நிலாக் காலத்தில் வலை மீன் கண்ணுக்குப் பட்டுவிடுகிறது, மீன் ஒதுங்கிவிடுகிறது என்று மாதா மாதம் புலம்பும் மனுஷரோடு இருபத்தெட்டு வருஷம் குடித்தனம் பண்ணுகிறேன். அந்த நிலா வெள்ளியையும் மறைக்கும் என்று என் மண்டையில் ஏறவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பதினாறு நாள் செத்துப் பிழைத்திருக்க வேண்டாம்.

அவர் கீழே போய்த் தார்ப்பாயை எடுத்து வந்து, இறங்குதுறை விளக்கின் வெளிச்சம் அடிக்காதபடி கொடிக்கயிற்றில் கட்டினார். அவருக்கும் பூசம் எது என்று தெரியாது. வழிக்கு உதவாத வெள்ளியை நாங்க எதுக்குப் பாக்கணும், எங்களுக்கு விடிவெள்ளியும் ஆறாமீனும் போதும் என்றார், ஆறாமீன் என்றால் கார்த்திகையாம். ஆனாலும் நீ சொன்ன அடையாளத்தை நான் சொல்லச் சொல்ல, குருவுக்கு ஒரு விரல், மகத்துக்கு ஒரு விரல் நீட்டி, நடுவில் கண்ணை ஓட்டி, அதோ துணியில சாம்பல் பட்ட மாதிரி ஒண்ணு இருக்கு பாரு என்று காட்டினார். நான் பைனாகுலரை வைத்தேன். முதலில் இருட்டு. அப்புறம் பந்தல்கால் நாலு. கொஞ்சம் தள்ளிப் பார்த்தேன், தம்பி, முறத்தில் தட்டியபோது சிதறின நொய் போல அத்தனை வெள்ளி! ஒன்றோடொன்று ஒட்டாமல், ஆனால் கூட்டத்தை விட்டும் போகாமல். இருபது வரைக்கும் எண்ணினேன், அப்புறம் எண்ணிக்கை விட்டுப்போயிற்று. தெரியுதுங்க, தெரியுதுங்க என்று கத்தினேன். என் கண் இருக்கிறது, என் பிள்ளையின் நட்சத்திரமும் இருக்கிறது என்று அப்படி ஒரு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தோடு நான் இறங்கி வந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை. பதினாறு நாள் பழக்கம், கை சும்மா இருக்கவில்லை. இடது கண்ணை மூடிப் பார்த்தேன், நொய் அப்படியே இருந்தது. வலது கண்ணை மூடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வட்டம் முழுக்க இருட்டு, நடுவில் மை கொட்டின மாதிரி ஒரு திட்டு, நான் கண்ணைத் திருப்பினால் அதுவும் கூடவே திரும்புகிறது. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது வலது கண் பார்த்ததையே இரண்டும் பார்த்ததாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். மறுபடி மாற்றி மாற்றி மூடிப் பார்த்தேன். இன்னும் என்ன எண்ணுற என்று அப்பா கேட்டார். அப்போதுதான் பீரோவிலிருந்த சீட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. கட்டின தார்ப்பாயை அவிழ்த்து மெதுவாக மடித்து வைத்துவிட்டு, விடியக்காலை மொத பஸ்ஸுக்குக் கெளம்பு என்று மட்டும் சொன்னார். அந்த ராத்திரி அவரும் தூங்கவில்லை.

வேதாரண்யத்தில் ஏறி, திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி வழியாகப் போனோம். சம்பா அறுத்த வயலில் உளுந்து பச்சைக் கம்பளம் மாதிரி முளைத்திருந்தது, வழி நெடுக ரோட்டில் நெல் காயப் போட்டிருந்தார்கள். வலது கண்ணை மூடினால் அவ்வளவு பச்சையும் புழுதி நிறமாகிவிடுகிறது. இரண்டு தடவை மூடிப் பார்த்தேன், மூன்றாவது தடவை அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார், பஸ்ஸில் அத்தனை பேருக்கு முன்னால். தஞ்சாவூரில் அபிநயா காத்திருந்தாள். அவள் திட்டினாள் பார், ஊரையே நான் திட்டுகிற திட்டை எனக்கே திருப்பிக் கொடுத்தாள், அப்புறம் அழுதுகொண்டே வரிசையில் போய் நின்றாள். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் திரையில் ரத்தம் கசிந்திருக்கிறதாம். டாக்டர் மழுப்பாமல் சொன்னார். போன பார்வை முழுசா திரும்பும்னு சொல்ல மாட்டேன், மிச்சத்தைக் காப்பாத்தலாம், இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தீங்கன்னா அதுவும் இல்ல என்றார். எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க என்று கேட்டார். பூச நட்சத்திரம் பார்த்தேன் என்றேன், ஜோசியம் பார்த்ததாக நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது, அபிநயாதான் விளக்கினாள். இடது கண்ணுக்கு லேசர் ஒரு தடவை வைத்தாகிவிட்டது, அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை. வலது கண்ணுக்கு இப்போதைக்கு ஆபத்து இல்லை, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் தப்பிக்கும் என்கிறார்கள்.

பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. காலையில் கண் விழிப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம், இன்றைக்கு என்ன தெரியுமோ என்று படுத்தே கிடக்கிறேன். அப்புறம்தான் திறக்கிறேன். கண்டிப்பாக வராதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது எழுதும்போது நீ வந்து பக்கத்தில் இருந்தால் தேவலை என்றும் இருக்கிறது. இரண்டும் உண்மை. ஆனால் நான் சொல்வதைக் கேள், பாதியில் இறங்காதே. வைகாசியில் உன் கணக்குப்படி இறங்கும்போது இறங்கு, நேரே வீட்டுக்கு வா. அதுவரை அப்பா இருக்கிறார், மாத்திரை டப்பாவை என்னைவிட அவர்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார். பைனாகுலர் கனமாக இருக்கிறதென்று அவரே சுவரில் ஊன்றிப் பிடித்துக்கொள்கிறார், நான் குனிந்து பார்க்கிறேன். இனிமேல் உன்னிடம் எதையும் மறைக்க மாட்டேன், நீயும் மறைக்காதே. காதுவலி என்றால் காதுவலி என்று சொல். காற்றில் நிற்கும்போது காதில் பஞ்சு வை, வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே, ஏணியில் இறங்கும்போது ஒரு கையாவது கம்பியில் இருக்கட்டும். உபைதுல்லா புதுப் பையன், முதல் நாள் வாந்தி எடுப்பான், கிண்டல் பண்ணாமல் பார்த்துக்கொள்.

பூச நட்சத்திரத்தில் பிறந்த என் பிள்ளை நிறைந்த ஆயுசோடும் நல்ல கண்ணோடும் இருக்க வேண்டும். ஒரு ஞாபகம், பங்குனி அமாவாசையன்று எங்களுக்கு ராத்திரி எட்டரை மணிக்கு அது ஏறக்குறைய உச்சிக்கு வந்திருக்கும். உன் கப்பலில் அப்போது எத்தனை மணியோ, இருட்டியிருந்தால் நீயும் பார். நிலா இருக்காது, நான் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
நீ. ஆனந்தவல்லி

பி.கு: நிதிஷ், இந்த வரியை மட்டும் வலது கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறேன். லேசருக்கு அப்புறம் தினமும் ஒரு வரி இப்படி எழுதிப் பார்க்கிறேன், அப்பாவிடம் கேட்டால் நேராகத்தான் இருக்கிறது என்கிறார், அவர் என்றைக்கு என்னிடம் உண்மையைச் சொன்னார். நீ பார்த்துச் சொல், வரி நேராக இருக்கிறதா.